தொட்டி நிற்கும் இடம்

நியூஜெர்சியில் எடிசன், ஐசலின் பக்கத்து வீடுகளில் வெந்நீர்த் தொட்டி பெரும்பாலும் பேஸ்மென்ட்டில் இருக்கும். சன்னிவேல், ஃப்ரீமான்ட் பக்கம் போனால் கராஜ் மூலையில், சுவரோடு இரும்புப் பட்டையால் கட்டிவைக்கப்பட்டு நிற்கும். ஹூஸ்டனை அடுத்த கேட்டியிலோ டாலஸை அடுத்த ஃபிரிஸ்கோவிலோ புதுவீடு வாங்கியவர்கள் பலர் அதைப் பார்க்க அட்டிக்குக்கு ஏணி போட்டு ஏற வேண்டும். பம்பும் கரண்டும் இல்லாமல், புவியீர்ப்பை மட்டும் நம்பி ஓடும் சூரிய வெந்நீர் அமைப்பு வேண்டும் என்று நினைப்பவர், கூரை எந்தத் திசை பார்க்கிறது, வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று கேட்பதற்கு முன்பே இந்தத் தொட்டியின் இடத்தைப் பார்த்துவிடுவது நல்லது. மூன்று ஊரிலும் பயன்படும் அளவுக்கு வெயில் உண்டு. உயரம்தான் வீட்டுக்கு வீடு மாறுகிறது, இந்த அமைப்பு ஓடுவதோ உயர வித்தியாசத்தால். விற்பனையாளர்கள் வெயிலை வாங்கித் தண்ணீரைச் சூடாக்கும் தகட்டிலிருந்து பேச்சைத் தொடங்குவார்கள், ஏனென்றால் அவர்கள் விற்பது தகடு. திட்டம் போடுபவர் தொட்டியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம்.

தமிழ்நாட்டு வீட்டில் புவியீர்ப்பு இரண்டு வேலை பார்க்கிறது. பழக்கத்தால் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம். மொட்டை மாடியில் மேடை கட்டி அதன்மேல் ஓவர்ஹெட் டேங்க், அதைவிடக் கொஞ்சம் தாழ்வாக சோலார் ஹீட்டர். டேங்கிலிருந்து தண்ணீர் தானாக இறங்கி ஹீட்டரை நிரப்புகிறது, அங்கிருந்து தானாக இறங்கிக் குளியலறைக் குழாயில் விழுகிறது. இது முதல் வேலை. ஹீட்டருக்குள்ளே சூடேறிய தண்ணீர் மேலேறித் தொட்டிக்குப் போக, குளிர்ந்த தண்ணீர் இறங்கி அதன் இடத்தைப் பிடிக்கிறது. இது இரண்டாவது வேலை. அமெரிக்க வீட்டில் முதல் வேலையைப் புவியீர்ப்பிடம் கொடுக்கக் கூடாது. கணக்கு எளிது: ஒரு அடி உயரத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் 0.433 பி.எஸ்.ஐ. ஷவருக்கு 10 அடி மேலே தொட்டி வைத்தாலும் 4.3 பி.எஸ்.ஐ.தான். நகரத் தண்ணீர்க் குழாயில் சாதாரணமாக வருவது 40 முதல் 80 வரை. கலிஃபோர்னியாவில் 2018 ஜூலை முதல் விற்கப்படும் ஷவர்கள் 80 பி.எஸ்.ஐ.யில் நிமிடத்துக்கு 1.8 கேலனுக்கு மேல் விடக் கூடாது என்பது விதி. அந்த ஷவருக்கு 4.3 பி.எஸ்.ஐ. கொடுத்தால் தோராயமாக நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் வரும். வாளியில் பிடித்துச் சொம்பால் ஊற்றிக் குளிப்பவருக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. ஷவரின் கீழ் நின்று தலைக்கு ஷாம்பு போட்டவருக்குத் தெரியும். பாத்திரம் கழுவும் இயந்திரங்கள் பலவற்றுக்கு 20 பி.எஸ்.ஐ.யாவது வேண்டும். கலிஃபோர்னியாவின் பிளம்பிங் விதி குறைந்தபட்சம் 15 கேட்கிறது, அதைப் புவியீர்ப்பால் மட்டும் கொடுக்கத் தொட்டி கிட்டத்தட்ட 35 அடி மேலே நிற்க வேண்டும், அதாவது மூன்று மாடி உயரம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஊரில் அப்பா வீட்டில் 200 லிட்டர் கண்ணாடிக் குழாய் ஹீட்டர் வருஷக்கணக்கில் தொல்லையின்றி ஓடுகிறதே, அதே மாதிரி ஒன்றை இங்கே தருவித்து மாட்டினால் என்ன? அந்த ஹீட்டர் ஓடுவது அதன் தலையில் ஒரு காற்றுக் குழாய் திறந்திருப்பதாலும், அதற்குள் வரும் தண்ணீர் ஓவர்ஹெட் டேங்கின் மெல்லிய அழுத்தத்தில் வருவதாலும்தான். அதன் தொட்டி மெல்லிய தகட்டால் ஆனது, அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டதில்லை. அதில் 60 பி.எஸ்.ஐ. நகரத் தண்ணீரை நேராக இணைத்தால் முதல் நாளே தொட்டி பிதுங்கும், அல்லது ரப்பர் வளையங்கள் வழியே கூரையெங்கும் தண்ணீர் கசியும். நடுவில் மிதவை வால்வு போட்ட சிறு தொட்டி வைத்துச் சமாளிக்கலாம் என்றால், பழையபடி 4 பி.எஸ்.ஐ.க்கே திரும்பி வருகிறோம், அதோடு திறந்த தொட்டியில் தேங்கும் குடிநீருக்கு இன்ஸ்பெக்டரிடம் பதில் சொல்லவும் வேண்டும். ஆகவே குழாய்க்குத் தண்ணீர் தள்ளும் வேலையை நகரத் தண்ணீரின் அழுத்தத்திடமே விட்டுவிடுவோம். சூரிய வெந்நீர்த் தொட்டி அந்த அழுத்தத்தைத் தாங்கும் மூடிய தொட்டியாக, ஏற்கெனவே வீட்டில் உள்ள ஹீட்டருக்கு முன்னால் வரிசையில் நிற்கட்டும். குளிர்ந்த தண்ணீர் முதலில் சூரியத் தொட்டிக்குள் போய், வெயில் கொடுத்த அளவு சூடேறி, மீதிச் சூட்டை ஹீட்டரில் வாங்கிக்கொள்ளட்டும். மழை நாளில் யாரும் பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டியிராது.

புவியீர்ப்புக்கு மீதமிருப்பது இரண்டாவது வேலை, தகட்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் நடக்கும் சுழற்சி. இதைத் தெர்மோசைஃபன் என்பார்கள். இதன் பலம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் பாதித் தவறுகள் நடக்காது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 998 கிலோ, 60 டிகிரியில் 983. வித்தியாசம் 15 கிலோ. ஒரு மீட்டர் உயரத்துக்கு இந்த வித்தியாசம் தரும் அழுத்தம் 15 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும் அளவுதான். நகரக் குழாயின் 60 பி.எஸ்.ஐ. இதைப்போல 2,800 மடங்கு. இவ்வளவு மெலிந்த விசையால் ஓடும் தண்ணீருக்கு ஒவ்வொரு முழங்கை வளைவும் ஒரு தடை. அரை அங்குலக் குழாய் போட்டால் ஓட்டம் நொண்டும். முக்கால் அல்லது ஒரு அங்குலச் செப்புக் குழாய் வேண்டும். தகட்டின் மேல்முனையிலிருந்து தொட்டிவரை குழாய் ஏறிக்கொண்டே போக வேண்டும், எங்கேயும் முதுகு வளைத்து ஏறி இறங்கக் கூடாது. ஏறி இறங்கும் இடத்தில் காற்றுக் குமிழி தங்கும், அந்த 15 மில்லிமீட்டர் விசையால் அதைத் தள்ள முடியாது. சுழற்சி நின்றுவிடும், வெளியே பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். மலிவாகவும் வளைக்க வசதியாகவும் இருக்கிறது என்று பெக்ஸ் பிளாஸ்டிக் குழாயைத் தகட்டோடு நேராக இணைப்பவர்கள் உண்டு. 180 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 100 பி.எஸ்.ஐ. தாங்கும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். தண்ணீர் ஓடாத கோடை மதியத்தில் தகடு அந்தச் சூட்டைத் தாண்டிப் போகும். தகட்டின் பக்கத்தில் செப்பு, வீட்டுக்குள் வந்தபிறகு எதுவும் போடலாம்.

தொட்டி எங்கே என்ற கேள்வி புதிதில்லை. அமெரிக்காவில் சூரிய வெந்நீரின் வரலாறே அதைச் சுற்றித்தான் நடந்தது. பால்டிமோரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் 1891-இல் ‘கிளைமாக்ஸ்’ என்ற ஹீட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். கறுப்பு வண்ணம் பூசிய உலோகத் தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்தது அது. 1897 வாக்கில் கலிஃபோர்னியாவின் பசடீனாவில் மூன்றில் ஒரு வீட்டில் சூரிய ஹீட்டர் இருந்தது. ஆனால் தொட்டியே தகடாகவும் இருந்ததால் மாலையில் நன்றாகச் சுடும் தண்ணீர் விடிவதற்குள் ஆறிப்போகும். 1909-இல் மான்ரோவியாவில் வில்லியம் பெய்லி தகட்டையும் தொட்டியையும் பிரித்தார். தகடு கூரையிலோ கீழேயோ இருக்க, சூடு இறங்காமல் போர்த்திய தொட்டி அதற்கு மேலே அட்டிக்கில், சில வீடுகளில் பொய்யான புகைபோக்கிக்குள். ‘டே அண்ட் நைட்’ என்று அவர் பெயர் வைத்ததே இரவிலும் சுடும் என்பதைச் சொல்லத்தான். கிளைமாக்ஸ் விற்ற கம்பெனி சீக்கிரமே கடையை மூடியது. மாலையில் குளிக்கும் வீடா, காலையில் குளிக்கும் வீடா என்ற கேள்விக்கு இன்றும் இதே இரண்டு பதில்கள்தான். அலுவலகம் போகும் முன் குளித்துவிட்டுச் சாமி விளக்கேற்றும் வீட்டில் கெம்ப் வகை ஹீட்டர் ஏமாற்றும். பிள்ளைகளைக் கிரிக்கெட், நீச்சல் என்று அழைத்துப்போய்விட்டு மாலையில் குளிக்கும் வீட்டில் அதுவே போதும், அதைவிட எளிய பொருளும் கிடையாது.

பெய்லியை வீழ்த்தியது லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் பிறகு கிடைத்த மலிவான இயற்கை எரிவாயு. அதற்கும் முன்னால், 1913 ஜனவரியில், தெற்குக் கலிஃபோர்னியாவில் அடித்த உறைபனி ஒரு பாடம் சொல்லியிருந்தது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். தகடுகளில் குழாய்கள் வெடித்தன. பெய்லி தகட்டுக்குள் ஓடும் திரவத்தில் ஆல்கஹால் கலந்தார், அந்தத் திரவம் தொட்டிக்குள் சுருளாகப் போய்ச் சூட்டை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பியது. இன்று ஆல்கஹாலுக்குப் பதில் புரொப்பிலின் கிளைகால் போடுகிறார்கள். காரில் ஊற்றும் எத்திலின் கிளைகால் விஷம், அதை வீட்டுத் தண்ணீரின் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது. கிளைகால் சூட்டில் மெல்ல மெல்ல அமிலமாகும் என்பதால் சில வருஷத்துக்கு ஒருமுறை சோதித்து மாற்ற வேண்டும். தகடு உறைய ஊரே உறைய வேண்டும் என்பதில்லை என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். மேகமில்லாத இரவில் தகடு தன் சூட்டை வானத்துக்கு வீசிக்கொண்டே இருப்பதால், காற்று 4 டிகிரி செல்சியஸில் இருக்கும்போதே தகட்டுக்குள் தண்ணீர் உறையக்கூடும். சன்னிவேல், ஃப்ரீமான்ட் இருக்கும் வளைகுடாப் பகுதியில் உறைபனியே இல்லை என்று அடித்துச் சொல்பவர்களுக்கு 1990 டிசம்பர் ஞாபகம் இல்லை.

டெக்சாஸுக்கு 2021 பிப்ரவரி ஒன்றே போதும். 16-ஆம் தேதி டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 2 டிகிரி ஃபாரன்ஹீட், ஹூஸ்டனில் 13. மாநிலத்தில் 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் கரண்ட் இல்லை. உறைபனி வரும்போது பம்பை ஓட்டித் தொட்டியின் வெந்நீரைத் தகட்டுக்குள் அனுப்பிக் காப்பாற்றும் அமைப்புகள் உண்டு. கரண்ட் போனதும் அந்தக் காவல் போய்விடுகிறது, கடும் குளிரும் கரண்ட் இல்லாமையும் சேர்ந்தே வரும் ஊரில் அப்படிப்பட்ட காவலை நம்பக் கூடாது. புவியீர்ப்பால் ஓடும் கிளைகால் சுற்றுக்குக் கரண்ட் இருந்தால் என்ன, போனால் என்ன? தெர்மோசைஃபனைத் தேர்ந்தெடுக்க இதை வலுவான காரணமாக எடுத்துக்கொள்ளலாம். உறையக்கூடிய தண்ணீர் இன்னும் அட்டிக்குக் குழாய்களில் இருக்கிறது என்பதால், அவற்றைப் போர்த்துவதும், வீட்டுத் தண்ணீரை மூடும் வால்வு எங்கே என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்திருப்பதும் அதே அளவு முக்கியம்.

மூன்று இடங்களில் டெக்சாஸ் வீடுதான் தெர்மோசைஃபனுக்கு வாகானது. தொட்டி ஏற்கெனவே மேலே இருக்கிறது. பலர் உடனே தகட்டைக் கூரையில் ஏற்ற நினைப்பார்கள். அட்டிக்கின் தரை கூரையின் தாழ்வாரத்து மட்டத்தில் இருப்பதால், கூரையில் போட்ட தகட்டின் மேல்முனை தொட்டியின் அடியைவிட உயரமாகிவிடும். தொட்டியின் அடி தகட்டின் மேல்முனைக்கு ஒரு அடியாவது மேலே இல்லாவிட்டால் இரவில் ஓட்டம் தலைகீழாகும்: தொட்டியின் சூடு தகட்டுக்குப் போய் வானத்தில் கரையும். தெற்குச் சுவரின் பக்கம், தோட்டத்தில், தரையிலேயே தகட்டை வைப்பது இதற்கு நல்ல வழி. 4 அடி அகலத் தகட்டை நீளவாக்கில் படுக்கவைத்து 45 டிகிரி சாய்த்தால் அதன் உயரம் 3 அடிக்கும் குறைவு. அட்டிக் தரை 9 அடியில். இடையில் 6 அடி உயரம் கிடைக்கிறது, தெர்மோசைஃபனுக்கு இது தாராளம். படுக்கவைக்கவே செய்த தகடாக வாங்க வேண்டும். நிற்கவைக்கச் செய்ததைப் படுக்கவைத்தால் உள்ளே உள்ள மெல்லிய செப்புக் குழாய்கள் கிடைமட்டமாகிவிடும், தண்ணீர் ஏறாது. ஹோம் ஓனர்ஸ் அசோசியேஷன் என்ன சொல்லும் என்ற கவலைக்கும் இந்த இடம் பதில் தருகிறது. டெக்சாஸில் 2011-இல் வந்த சட்டம் சோலார் சாதனத்தை அசோசியேஷன் மொத்தமாகத் தடுக்கக் கூடாது என்கிறது. ஆனால் கூரையின் கோட்டைத் தாண்டி மேலே நீட்டிக்கொண்டிருப்பதையும், வேலியிட்ட தோட்டத்தில் வேலியைவிட உயரமாக நிற்பதையும் தடுக்க அதே சட்டம் இடம் தருகிறது. கூரைமேல் தொட்டியோடு வரும் அமைப்பு முதல் விலக்கில் மாட்டிக்கொள்ளலாம், 6 அடி வேலிக்குள் 3 அடித் தகடு எதிலும் மாட்டாது. வேலியின் நிழல் குளிர்காலத்தில் எவ்வளவு தூரம் விழும் என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஹூஸ்டனில் டிசம்பர் நடுப்பகலில் சூரியன் 37 டிகிரி உயரத்தில்தான் இருக்கும், ஆகவே 6 அடி வேலியின் நிழல் 8 அடி நீளும். எடையை மறக்கக் கூடாது. சூரியத் தொட்டியின் 80 கேலன் தண்ணீர் மட்டும் 667 பவுண்டு, தொட்டியோடு சேர்த்தால் 850-ஐ நெருங்கும். பழைய 50 கேலன் தொட்டி நின்ற மேடை இதைத் தாங்குமா என்பது பிளம்பரிடம் கேட்கும் கேள்வி இல்லை. கட்டடப் பொறியாளரிடம் கேட்க வேண்டியது.

வளைகுடாப் பகுதியின் ஒற்றைமாடி வீட்டில் தொட்டி கராஜ் தரையில் நிற்கிறது. அதைவிடத் தாழ்வான இடம் வீட்டில் கிடையாது. மலைச்சரிவில் கட்டிய வீடு மட்டும் விதிவிலக்கு, அங்கே கீழ்ச்சரிவில் தகட்டை வைத்தால் இயற்கையே மேடை போட்டுக் கொடுத்தமாதிரி. மற்றவர்களுக்கு இரண்டு வழி. தகடும் தொட்டியும் ஒட்டிப்பிறந்த அமைப்பைக் கூரையில் ஏற்றுவது ஒன்று. கெம்ப் வகைப் பெட்டியைக் கூரையில் வைத்து, அதன் வழியே நகரத் தண்ணீரைக் கராஜ் ஹீட்டருக்கு அனுப்புவது இன்னொன்று. இரண்டாவதில் புவியீர்ப்புக்கு வேலையே இல்லை. ஆனால் பம்பும் இல்லை, கிளைகாலும் இல்லை, கெட்டுப்போக எதுவுமில்லை. உள்ளே இருக்கும் 40 கேலன் தண்ணீரின் சூடே லேசான உறைபனியைத் தாங்கும். அபாயம் அதற்குப் போகும் குழாய்களுக்குத்தான். இந்த ஊரின் கூரை பனிச்சுமைக்காகக் கட்டப்பட்டதில்லை, அதோடு நிலநடுக்கமும் உண்டு. மாநிலச் சட்டம் கராஜ் ஹீட்டரையே சுவரோடு கட்டச் சொல்கிறது என்னும்போது, கூரையில் ஏற்றும் தொட்டியைப் பற்றிப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் பெர்மிட் கேட்டுப் போவது வீண். டேலி சிட்டியில் கோடை முழுக்கக் காலையில் மூடுபனி, அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச்சேரும் ஃப்ரீமான்ட்டில் வெயில். பக்கத்து ஊர்க்காரரின் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

நியூஜெர்சி வீட்டில் தொட்டி பேஸ்மென்ட்டில், வீட்டின் ஆகத் தாழ்ந்த இடத்தில். தெர்மோசைஃபனுக்கு இதைவிடத் தவறான இடம் இல்லை. கூரைமேல் தொட்டி வைப்பதோ அங்கே புத்திசாலித்தனமில்லை: தகட்டைக் கிளைகால் காப்பாற்றினாலும், தொட்டிக்கு வந்துபோகும் குடிநீர்க் குழாய்கள் வாரக்கணக்கில் உறைநிலைக்குக் கீழே நிற்கும். தரையில் தகடு வைத்து மண்ணுக்கடியில் குழாய் கொண்டுவரலாம் என்றால், அங்கே மண் சுமார் 3 அடி ஆழம்வரை உறையும் என்று வைத்துத்தான் அஸ்திவாரம் போடுகிறார்கள். எனவே நியூஜெர்சி வாசகருக்கு என் பரிந்துரை தெர்மோசைஃபன் வேண்டாம் என்பதே. ஆனால் புவியீர்ப்புக்கு அங்கே மூன்றாவது வேலை ஒன்று இருக்கிறது, அதை டிரெயின்பேக் என்பார்கள். ஒரு பம்பு தண்ணீரைத் தகட்டுக்கு ஏற்றுகிறது. வெயில் போனதும், அல்லது கரண்ட் போனதும், பம்பு நிற்கிறது. தகட்டிலும் குழாயிலும் உள்ள தண்ணீர் முழுக்கத் தானாக இறங்கி வீட்டுக்குள் இருக்கும் சிறு தொட்டிக்குத் திரும்பிவிடுகிறது. தகட்டில் தண்ணீரே இல்லாதபோது உறைவதற்கு என்ன இருக்கிறது? தொட்டி தாழ்வாக இருப்பது இங்கே குறையாக இல்லாமல் வசதியாக மாறிவிடுகிறது. ஒரு அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு வைத்துக் குழாய் போட வேண்டும், தகடும் அதே சரிவில் சாய்ந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் தண்ணீர் தேங்கினாலும் அந்த இடத்தில்தான் வெடிக்கும். பேஸ்மென்ட்டிலிருந்து கூரைவரை ஏற்றப் பெரிய பம்பு வேண்டியிருக்கும் என்பது உண்மை. திரும்பிவரும் தண்ணீருக்கான சிறு தொட்டியை இரண்டாம் மாடிக் குளோசெட்டில் வைத்தால், பம்பு ஏற்ற வேண்டிய உயரம் மூன்றில் ஒன்றாகக் குறையும்.

அளவுக் கணக்கிலும் ஊர் வித்தியாசம் பெரிது, அதற்கு வெயிலைவிடக் குழாய்த் தண்ணீர்தான் அதிகக் காரணம். நால்வர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 240 லிட்டர் வெந்நீர், 49 டிகிரி செல்சியஸில் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் தண்ணீர் 20 டிகிரியாக இருந்தால் தேவை சுமார் 8 யூனிட் வெப்பம். 5 டிகிரியாக இருந்தால் 12 யூனிட்டுக்கு மேல். முதலாவது டெக்சாஸின் மிதமான நாள், இரண்டாவது நியூஜெர்சியின் ஜனவரி. அந்த ஜனவரியில் சாய்த்த தகட்டில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 3 யூனிட் வெயில் விழுந்து அதில் 40 சதவீதம் தண்ணீருக்குப் போனால், 4க்கு 8 அடித் தகடு இரண்டு சேர்ந்தும் 7 யூனிட்டைத்தான் தரும். ஜனவரிக்கும் போதும்படி தகடுகளைக் கூட்டலாம் என்று தோன்றும், ஆனால் ஜூலையில் அவை அத்தனையும் வீணாகக் கொதிக்கும். வீட்டில் தலைக்கு 20 கேலன் தொட்டி, ஒவ்வொரு சதுர மீட்டர் தகட்டுக்கும் 50 முதல் 75 லிட்டர் என்ற பழைய கணக்கு இன்றும் பாதுகாப்பானது. டெக்சாஸுக்கு ஒரு தகடு, நியூஜெர்சிக்கு இரண்டு. மிச்சத்தை ஹீட்டர் பார்த்துக்கொள்ளும். நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு: பள்ளி மூடும் ஜூன் மாதத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆறு வாரம் ஊருக்குப் போகிறோம். வெயில் உச்சத்தில், வெந்நீரை யாரும் எடுக்காத வீட்டில், கிளைகால் கொதித்துக் கெடும். புறப்படும் முன் தகட்டை வெளிர்நிற தார்ப்பாயால் மூடிக் கட்ட வேண்டும். கூரையில் இருக்கும் தகட்டுக்கு இதைச் செய்ய ஆள் பிடிக்க வேண்டும், தரையில் இருப்பதற்குப் பத்து நிமிட வேலை.

இத்தனைக்கும் மேலான மறுப்பு, சூரிய மின்தகட்டையும் ஹீட் பம்ப் வெந்நீர்த் தொட்டியையும் காட்டுபவர்களுடையது. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மின்தகடு வெயிலில் 20 சதவீதத்தை மின்சாரமாக்குகிறது. ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்தில் 3 யூனிட் வெப்பம் தருகிறது. பெருக்கினால் 60 சதவீதம். வெப்பத் தகட்டின் 40, 50 சதவீதத்தைவிட இது குறைவில்லை. கோடையில் வெந்நீர் போக மிஞ்சும் மின்சாரம் ஏசிக்குப் போகும், மிஞ்சும் வெந்நீருக்குப் போக்கிடமில்லை. 2007-இல் கலிஃபோர்னியா சட்டம் போட்டு 2017-க்குள் 2 லட்சம் சூரிய வெந்நீர் அமைப்புகள் என்று இலக்கு வைத்தது. அதன் பக்கத்தில்கூட வர முடியவில்லை, மலிந்துபோன எரிவாயுவும் மலிந்துவந்த மின்தகடும் அதற்குக் காரணங்கள். மத்திய அரசின் 30 சதவீத வரிச்சலுகையும் 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது, பழைய விளம்பரத் தாளில் இன்னும் அதைக் காட்டும் விற்பனையாளரிடம் எச்சரிக்கை தேவை. வளைகுடாப் பகுதியின் காற்றுத்தர வாரியம் 2023 மார்ச்சில் நிறைவேற்றிய விதி, வீட்டுக்கான புது வெந்நீர்த் தொட்டிகள் நைட்ரஜன் ஆக்சைடு வெளியிடக் கூடாது என்பதை 2027-இலிருந்து தொடங்க வைத்தது. அதுவும் வாங்குபவரை ஹீட் பம்ப் பக்கமே தள்ளுகிறது. கட்டணத்தைக் குறைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், நிழல் விழாத கூரையும் நல்ல மின் இணைப்பும் உள்ளவர் முதலில் ஹீட் பம்ப்புக்கு விலை கேட்பதுதான் சரி.

அப்படியானால் தெர்மோசைஃபன் யாருக்கு? கரண்ட் இல்லாத நாட்களையும் கணக்கில் எடுப்பவருக்கு. 2019 அக்டோபரில் காட்டுத்தீ பயத்தால் பி.ஜி. அண்ட் ஈ. நிறுவனம் வடக்குக் கலிஃபோர்னியாவில் லட்சக்கணக்கான இணைப்புகளை நிறுத்தியபோது ஹீட் பம்ப்பும், மின்சாரத்தால் பற்றும் டேங்க்லெஸ் கேஸ் ஹீட்டரும் சேர்ந்தே நின்றன. மின்தகடு இருந்தும் பேட்டரி இல்லாத வீடுகளில் பெரும்பாலும் இதே கதைதான். எப்போதும் சிறு தீ எரியும் பழைய கேஸ் தொட்டி ஓடியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவை குறைந்துகொண்டே வருகின்றன. கூரையில் மரநிழல் விழுந்து தோட்டத்தில் வெயில் விழும் வீடு, கட்டுப்பாட்டுப் பலகையும் சென்சாரும் பழுதானால் ஆள் கிடைக்காத ஒதுக்குப்புற வீடு, சாதாரண மின்சுருள் ஹீட்டருக்கு மாதாமாதம் பணம் கொட்டும் டெக்சாஸ் வீடு ஆகியவற்றுக்கு இது பொருந்தும். 2021-இல் டெக்சாஸில் பல ஊர்களில் குழாய்த் தண்ணீரும் நின்றது. அட்டிக்கில் 80 கேலன் இருந்த வீட்டில், தொட்டியின் அடியில் உள்ள வடிகால் குழாயில் ஒரு ஹோஸை மாட்டி, மேலே உள்ள நிவாரண வால்வைத் திறந்து காற்று விட்டால் தண்ணீர் இறங்கும். ஹீட்டரை அணைத்துவிட்டு, தண்ணீர் ஆறியபின் செய்ய வேண்டிய காரியம் இது.

பெர்மிட்டுக்கான வரைபடத்தில் நான்கு பொருளைப் பெயர் போட்டுக் காட்ட வேண்டும். முதலாவது கலப்பு வால்வு. வெயில் நாளில் சூரியத் தொட்டி 70 டிகிரி செல்சியஸைத் தொடும். 60 டிகிரித் தண்ணீர் குழந்தையின் தோலைச் சில விநாடிகளில் வேகவைத்துவிடும். குழாய்க்குப் போகும் முன் பச்சைத் தண்ணீர் கலந்து 49-க்குக் கொண்டுவரும் இந்த வால்வை விலை பார்த்து விட்டுவிடக் கூடாது. அதற்காகத் தொட்டியையே வெதுவெதுப்பாக வைத்திருப்பதும் தவறு, லெஜியனெல்லா என்ற நோய்க்கிருமி 20-க்கும் 45-க்கும் நடுவில்தான் பெருகும். ஆகவே வீட்டில் ஏற்கெனவே உள்ள ஹீட்டர் 60 டிகிரிவரை ஏற்றிவிட்டு, கலப்பு வால்வு இறக்கித் தரட்டும். இரண்டாவது, 150 பி.எஸ்.ஐ.யிலோ 210 டிகிரி ஃபாரன்ஹீட்டிலோ திறந்துகொள்ளும் நிவாரண வால்வு, அதன் வாய் வீட்டுக்கு வெளியே போக வேண்டும். அட்டிக்குத் தொட்டியின் அடியில் கசிவைப் பிடிக்கும் தட்டும், அதற்கு வெளியே போகும் வடிகாலும் தனி. மூன்றாவது விரிவுத் தொட்டி: 300 லிட்டர் தண்ணீர் 20-லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது நாலரை லிட்டர் பெருக்கும், தெருக் குழாயில் திரும்பிப் போகாத வால்வு இருந்தால் அதற்குப் போக இடமில்லை. நான்காவது, சூரியத் தொட்டியைக் கழற்றிவிட்டு ஹீட்டரை மட்டும் ஓட்டும் மாற்றுவழி; பழுதுபார்க்கும் நாளில் வீட்டில் தண்ணீர் நிற்காது.

மாட்டி முடித்த பிறகு பிளம்பர் போகும் முன் தகட்டிலிருந்து தொட்டிக்கு ஏறும் குழாயைப் போர்வையில்லாமல் ஓரடி விட்டுவைக்கச் சொல்லுங்கள். வெயில் ஏறி ஒரு மணி நேரத்தில் அந்த ஓரடி கைபொறுக்காத சூடாக இருக்க வேண்டும். திரும்பி இறங்கும் குழாய் அதைவிட நன்றாகவே குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே சூடாக இருந்தால் தொட்டி நிரம்பச் சூடாகிவிட்டது. ஏறும் குழாய் குளிர்ந்தும் தகடு கொதித்தும் இருந்தால் காற்று அடைத்திருக்கிறது, ஆக உயர்ந்த இடத்தில் உள்ள காற்றுப் போக்கியைத் திறக்க வேண்டும். இருட்டிய பிறகு அதே இடத்தை மறுபடி தொட்டுப்பாருங்கள். குழாய் ஆறிப்போயிருந்தால் சரி. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தால் தொட்டிச் சூடு தகட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. தொட்டியை உயர்த்த முடியாத இடத்தில், மிக லேசான ஓட்டத்துக்கும் திறக்கும் ஒருவழி வால்வு ஒன்றைத் திரும்பும் குழாயில் போட்ட பிறகே அந்த ஓரடியைப் போர்த்த வேண்டும்.